மின்னாளுமையும் மேகக் கணிமையும்: நம்ம பக்கம் தயார்நிலையை எதை வெச்சு அளக்கிறது?

சென்னிமலைச்சாரல் | இழை தொடக்கம்

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் ரெண்டு ஒன்றியத்தை எடுத்து ஒரு கள ஆய்வு திட்டமிடுகிறோம். அரசின் இணையச் சேவைகளுக்கு மக்கள் எந்த அளவு தயார், எந்த அளவு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது முதல் பகுதி. பேரூராட்சி, கூட்டுறவுச் சங்கம் மாதிரி சின்ன அலுவலகங்கள் மேகக் கணிமைக்கு (கிளவுடு, அதாவது சொந்தக் கணினியில் வைக்காமல் இணையம் வழியாக எடுத்துக்கொள்ளும் கணினி வசதி) மாறத் தயாரா என்பது இரண்டாம் பகுதி.

வரைவு இப்படி இருக்கு: 30 கேள்விகள், 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படி. இ-சேவை மையத்து வாசலில் 100 பேர். பொங்கல் கழிந்து இரண்டு வாரம். அடிப்படைக்கு 1989ல் டேவிஸ் வகுத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. அதாவது 'இதனால் பயன் உண்டு', 'இது சுலபம்' என்ற இரண்டு எண்ணங்கள்தான் ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்கிற கட்டமைப்பு. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்க, களத்துக்குப் போகும் முன்னாலேயே திருத்திக்கொள்கிறோம்.

தறிநூல்

நல்ல முயற்சிங்க. ஆனா இடம், எண்ணிக்கை, காலம் மூணுமே இடிக்குது.

மையத்து வாசலில் நிற்கிறவர் வந்து சேர்ந்தவர். ரெண்டு தடவை நடந்து சலித்து விட்டுட்டவர், புரோக்கர் கையில் கொடுத்துட்டவர், இப்படி ஒரு சேவை இருக்குதுன்னே தெரியாதவர், யாருமே அந்த வாசலில் கிடைக்க மாட்டாங்க. அங்கே எடுத்தால் ஏற்பு விகிதம் ஏறித்தான் வரும். வீட்டுக்குத்தான் போகோணும்.

100 பேர் என்றால் 95 சதவீத நம்பகத்தில் பிழை ஏறத்தாழ 10 சதவீதம் மேலே, 10 கீழே. பிழையை 5 ஆக்க 385 பேர் வேணும். அதுவும் ஒன்றியம் முழுக்கச் சிதறலாக எடுத்தால்தான். ஊர் ஊராகக் கொத்தாக எடுப்பீங்க, ஒரே ஊர்க்காரர்கள் பதில் ஒன்றுபோலவே இருக்கும். அதற்காக 1.5 முதல் 2 மடங்கு பெருக்கினால் 578லிருந்து 770 வரை போகும். ஆள்பலம் இல்லையா, ஒன்றியத்தை ஒன்றாகக் குறைத்துக்குங்க. எண்ணிக்கையைக் குறைக்காதீங்க.

வீடுகளை அடுக்காகப் பிரித்து எடுங்க: டவுன், கீழ்பவானி வாய்க்கால் பாசன ஊர், வானம் பார்த்த காட்டு ஊர், தறிக்குடோன் இருக்கிற ஊர், வெளிமாநிலத் தொழிலாளர் இருக்கிற லைன் வீடு. பட்டியலில் இத்தனையாவது வீடு என்று இடைவெளி வைத்துப் போங்க. வீட்டுக்குள்ளே, அடுத்த பிறந்தநாள் யாருக்கு முதலில் வருதோ அவரிடம் கேளுங்க. இல்லாட்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிப்போடுவார். மருமகளின் போனில் ஓ.டி.பி. வருவதும், அவர் கையால்தான் எல்லாம் நடப்பதும் பதிவே ஆகாது.

ஜனவரி ஓய்வான மாதம். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்து, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் ஒரே வாரத்தில் குவிகிற மே, ஜூன்தான் உண்மையான சோதனை. ஒரு சுற்று ஜனவரியில், இன்னொன்று ஜூனில் எடுங்க.

அதைவிடப் பெரிசு ஒண்ணு. நீங்க எடுத்துக்கிட்ட டேவிஸ் மாதிரி (மாடல்), 'வேண்டாம்' என்று சொல்ல வழி இருக்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். பின்னால் 2003ல் வந்த ஒருங்கிணைந்த ஏற்பு மாதிரியில், விரும்பிச் செய்கிறாரா கட்டாயத்தில் செய்கிறாரா என்பதைத் தனிக் காரணியாகவே சேர்த்தாங்க. காகிதத்தில் விண்ணப்பிக்க வழி இல்லாத சான்றுக்கு 'எத்தனை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்' என்பது ஏற்புக்குச் சாட்சி ஆகாதுங்க.

வாய்க்கால்மேடு

தறிநூல் அண்ணா, கடைசி வரியை மட்டும் ஒப்புக்க முடியலைங்க. தாலுகா ஆபீசுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போய், 'ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இல்லை, நாளைக்கு வாங்க'ன்னு திரும்பி வந்த சனம், இன்னைக்கு உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்திலேயே 60 ரூபாய் கட்டி விண்ணப்பிச்சுட்டுக் குறுஞ்செய்தி பார்த்துக்குது. கட்டாயமாக ஆரம்பிச்சாலும் அதில் மனசார ஏற்றுக்கொண்டவங்க நிறைய. முதியோர் உதவித்தொகைக்கு 10 ரூபாய்தான். பழைய முறைக்குத் திரும்பலாமான்னு கேட்டுப் பாருங்க, வேண்டாம்னுதான் சொல்லுவாங்க.

ஆனா 'யார் தட்டுனது' என்கிற கேள்வி உங்க 30ல் இல்லை, அதைச் சேர்த்தே ஆகோணும். குடிமக்கள் உள்நுழைவு மூலம் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க வழி இருக்கு. இருந்தும் மையத்துக்கு வர்றாங்க. காரணம் படிப்பு மட்டும் இல்லைங்க, ஸ்கேன்தான். ஒவ்வொரு ஆவணமும் 200 கே.பி.க்குள், போட்டோ 50 கே.பி.க்குள் இருக்கோணும். போனில் எடுத்த படம் 3, 4 எம்.பி. வரும். அதைச் சுருக்கத் தெரியாமல் வாட்சாப்பில் அனுப்பி இறக்குறாங்க, எழுத்து மங்கிப்போகுது, வி.ஏ.ஓ. 'ஆவணம் தெளிவில்லை'ன்னு திருப்பிவிடுறார். ஸ்கேன் துல்லியம் 150லிருந்து 200 டி.பி.ஐ., சாம்பல் நிறம், ஓரம் வெட்டி, பி.டி.எப். ஆக்கினால் பெரும்பாலும் அளவுக்குள்ளே அடங்கிப்போகும். ஸ்மார்ட் கார்டு மாதிரி சின்ன அட்டையைத் தனியாக வெட்டி ஸ்கேன் பண்ணோணும். முழு ஏ4 தாளாக எடுத்தால் பெரும்பகுதி வெறும் வெள்ளை, அதுக்கும் சேர்த்துத்தான் சுருக்கும்.

அடுத்த தடை கேன் எண், அதாவது இ-சேவையில் விண்ணப்பிக்கறவருக்குக் கொடுக்கற அடையாள எண். ஒருத்தருக்கு ஒரு தடவை பதிஞ்சால் போதும், எல்லா விண்ணப்பத்துக்கும் அதுவே. ஆனா அஞ்சு வருசத்துக்கு முன்னால் யாரோ ஒரு மையத்தில் மையக்காரர் நம்பரையே போட்டுப் பதிஞ்சிருப்பார். ஓ.டி.பி. அங்கே போகும். அந்த நம்பர் உயிரோடவே இருக்காது. 'உங்க கேன் பதிவில் இருப்பது யாருடைய நம்பர்' என்று கேட்டுப் பாருங்க. தயார்நிலை எவ்வளவுன்னு அந்த ஒரு பதிலே சொல்லிப்போடும்.

அமராவதிக்கரை

வருவாய்த்துறைப் பக்கத்து விவரத்தைச் சேர்க்கிறேன்.

'விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா' என்று இரண்டே பெட்டி வைத்தால் தவறான படம் கிடைக்கும். திருப்பி அனுப்புவது வேறு, நிராகரிப்பது வேறு. திருப்பினால் விடுபட்ட ஆவணத்தை ஏற்றிவிட்டு அதே எண்ணில் தொடரலாம். நிராகரித்தால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி கட்டணம். வருமானச் சான்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டுகிறது. ஒவ்வொரு மேசையிலும் நுழைந்த தேதி, வெளியேறிய தேதி இரண்டும் கணினியில் இருக்கும். மொத்த நாளை மட்டும் எடுத்தால் எந்த மேசையில் தேங்கியது என்று தெரியாது. சராசரியையும் நம்ப வேண்டாம், நடுமதிப்பு (நாட்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), கூடவே பத்தில் ஒன்பது விண்ணப்பம் எத்தனை நாளில் முடிந்தது என்ற கணக்கு, இரண்டும் எடுங்கள். அதிகாரி மாறுதலாகி, புதியவரின் டிஜிட்டல் கையொப்பம் கணக்கில் இணையும் வரை ஒரு கட்டு அப்படியே நிற்கும். அந்த வாரம் சராசரியைக் கெடுத்துவிடும்.

நம் பகுதியில் மிகவும் சிக்கலானது பட்டா. 2018ல் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்த பிறகு, உட்பிரிவு தேவைப்படாத கிரயத்துக்குப் பட்டா தானாகவே மாற வழி ஏற்பட்டது. அதற்கு விற்பவர் பெயர் பத்திரத்திலும் பட்டாவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கொங்கில் தோட்டம் பெரும்பாலும் கூட்டுப் பட்டா. ஒரே சர்வே எண்ணில் ஆறேழு பங்காளிகள், அதில் நான்கு பேர் காலமாகி வாரிசு ஏறாமல் இருக்கும். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, தடப் பாத்தியம், மோட்டார் சர்வீஸில் முறை என்பதெல்லாம் பத்திரத்தில் உண்டு, பட்டாவில் இல்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் விழுந்த பெயர்ப் பிழை, பரப்புப் பிழை அப்படியே கணினிக்கு வந்துவிட்டது. இணையத்தில் பார்க்க முடிவது பெரிய வசதி. ஆனால் அந்தப் பிழையை இணையத்திலேயே திருத்திவிட முடியாது, கோட்டாட்சியர் விசாரணை வரை போகும். எனவே 'பார்ப்பதற்கு' ஏற்பு, 'திருத்துவதற்கு' ஏற்பு என்று கேள்வியைப் பிரியுங்கள். இரண்டையும் சேர்த்து 'நில ஆவண இணையச் சேவை எளிதா' என்று கேட்டால் கிடைக்கும் பதிலால் எந்தப் பயனும் இல்லை.

சென்னிமலைச்சாரல்

ரொம்ப நன்றிங்க. 'எளிதா' என்று கேட்காமல் வேறு எப்படிக் கேட்பது?

தறிநூல்

கடைசியாக நடந்ததைக் கேளுங்க, கருத்தைக் கேட்காதீங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட நம்ம சனம் 'நல்லா இருக்குதுங்க'ன்னுதான் சொல்லும், கையில் எழுதற அட்டையை வெச்சுட்டு நின்னா இன்னும் எச்சாவே சொல்லும்.

கடைசியாக வாங்கினது எந்தச் சான்று? எத்தனை நடை? எத்தனை நாள்? ரசீதில் இருந்த தொகை எவ்வளவு, கையை விட்டுப் போனது எவ்வளவு? எத்தனை நாள் வேலைக்குப் போகலை? போன் யாருது? தட்டுனது யாரு? திரும்ப வந்துச்சா, எதுக்காகன்னு சொன்னாங்களா? இந்த எட்டுக் கேள்வி போதும். இதில் 'நடை'தான் தாய் அளவு. மையத்துக்கு, வி.ஏ.ஓ. ஆபீசுக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, பேங்குக்கு, எல்லாமே நடைதான். ஐந்து படி அளவுகோல் கேள்விகளை அதற்குப் பின்னால் 10க்குள் வெச்சுக்குங்க, உள் ஒத்திசைவு ஆல்பா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டும் எண்) 0.7க்குக் கீழே போனால் அந்தத் தொகுப்பையே விட்டுடுங்க. முன்னோட்டம் 30 பேரிடம் கட்டாயம் வேணும்.

கம்பிவடம்

'சர்வர் டவுன்' என்று மையத்தில் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீங்க. உண்மையில் எங்கே அறுந்தது என்று பார்க்க மூணே படி. முதலில் ரவுட்டருக்கு ஒரு பிங் (பதில் வருதான்னு பார்க்கும் சின்னச் சோதனை). அது வராவிட்டால் கோளாறு அறைக்குள்ளேயே: வயர், வைஃபை, அடாப்டர். அது சரி, வெளியே இணையத்தில் எப்போதும் இயங்கும் ஒரு பொது டி.என்.எஸ். முகவரிக்கு அனுப்பினால் பதில் வரவில்லை என்றால் லைன் போயிருக்கு. ரெண்டும் சரி, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால்தான் சர்வர் பக்கம். காலை 10.30, மதியம் 12, மாலை 4 என்று 14 நாள் குறித்தால் ஒரு மையத்துக்கு 42 பதிவு. எங்கே அறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வேகம் அளக்கும்போது எல்லோரும் பதிவிறக்கத்தைப் பார்க்கிறாங்க. மையத்துக்கு வேண்டியது பதிவேற்றம். 200 கே.பி. ஆவணம் ஐந்து என்றால் 1 எம்.பி., அதாவது 8 மெகாபிட். 1 மெகாபிட் பதிவேற்றத்தில் 8 நொடி. அதுவே 0.2 ஆக இருந்தால் 40 நொடி, இடையில் பாக்கெட் இழப்பு இருந்தால் இன்னும் இழுக்கும், அமர்வு காலாவதியாகி முதல் பக்கத்துக்கே தள்ளிவிடும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் பாரத்நெட்டில் (ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டம்) கண்ணாடி இழை இழுக்கும் பணியில், பெரும்பகுதி கேபிள் மின்கம்பம் வழியாகத்தான் வருது. சாலை விரிவாக்கத்தில் கம்பம் மாற்றினால், ஆடிக்காற்றில் தென்னை மட்டை விழுந்தால் அதுவும் சேர்ந்து போகும். 'ஊராட்சியில் இழை இருக்கிறதா' என்று கேட்காமல், கடந்த 30 நாளில் இழை வந்து சேரும் பெட்டியில் எத்தனை நாள் விளக்கு எரிந்தது என்று, பெட்டியைப் பார்த்துக் கேளுங்க.

கரண்டு இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் மாலை வரை நிறுத்துவாங்க. 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒரு மேசைக் கணினியைக் கால் மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது, சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தில் யு.பி.எஸ். வெட்டிவிடும். 150 ஏ.எச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் கணினி, மோடம் சேர்த்து 140 வாட்டை ஏழு மணி நேரம் ஓட்டலாம். மோடத்துக்கு மட்டும் என்றால் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரியே நாலு மணி நேரம் நிற்கும். 'யு.பி.எஸ். உள்ளதா: ஆம்/இல்லை' என்ற கட்டத்தைத் தூக்கிவிட்டு, மெயினை அணைத்து எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பாருங்க.

மலையடிவாரம்

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். மேகக் கணிமை என்றால் 'கம்ப்யூட்டர் சென்னையில் இருக்கும்' என்று பல அலுவலகங்களில் நினைக்கிறார்கள். தேவைப்படும்போது தானே எடுத்துக்கொள்வது, கூட்டவும் குறைக்கவும் முடிவது, பயன்படுத்தியதை அளந்து காசு கொடுப்பது, இவை இருந்தால்தான் அது கிளவுடு. பழைய மென்பொருளை அப்படியே தூக்கி வாடகை சர்வரில் வைத்தால் ஜூன் நெரிசலில் அது அதே மாதிரிதான் திணறும். முன்பக்க சர்வரை இரண்டிலிருந்து இருபதாக்கலாம், பின்னால் தரவுத்தளம் ஒன்றாகவே இருந்தால் வரிசை அங்கே போய் நிற்கும். அதையும் சரிசெய்தால், ஆதார் சரிபார்ப்பு, பணம் செலுத்தும் வழி, குறுஞ்செய்தி வழி என்று அடுத்தவர் கையில் இருப்பவை மூன்று.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: தளம் 99.5, ஆதார் 99.5, பணவழி 99, குறுஞ்செய்தி 99, ஊர் லைன் 97, கரண்டு 98 சதவீதம். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், பெருக்கினால் 92 சொச்சம். எட்டு மணி நேர வேலை நாளில் அரை மணிக்கு மேல் போய்விடும். ஒப்பந்தத்தில் உள்ள 99.5 தரவு மையத்து வாசலில் அளந்தது. அதுவே மாதத்துக்கு 3.6 மணி நேரம் நிறுத்தத்தை அனுமதிக்கிறது, அந்த நேரம் நடு இரவா, திங்கள் காலை 11 மணியா என்பதைச் சொல்வதில்லை.

பேரூராட்சியோ சங்கமோ மாறும் முன் கேட்க வேண்டியது: மத்திய மின்னணு அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள நிறுவனமா, அந்த அமைச்சகத்தின் தரச் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யின் தணிக்கை முடிந்ததா, தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்குமா? கோளாறு வந்தால் எத்தனை மணி நேரத்தில் எழும், எத்தனை நிமிடத்துப் பதிவு தொலையலாம்? காப்பு நகல் எடுப்பதைச் சொல்வார்கள், அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தது எப்போது? ஒப்பந்தம் முடிந்தால் தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், யார் செலவில் கொடுப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டால் பிறகு வெளியே வரவே முடியாது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி, பாதுகாப்பு மீறல் தெரிந்த 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அது யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு 2022ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கணினிமயத் திட்டம் 63,000 சங்கங்களுக்கு, 2,516 கோடி ரூபாய். மென்பொருள் பொது, கிளவுடில் ஓடுவது. அங்கே தயார்நிலை என்பது கணினி எண்ணிக்கை கிடையாது. உறுப்பினர் பேரேடும் பொதுப் பேரேடும் நிலுவையில் ஒத்துப்போகிறதா என்பதுதான். ஒத்துப்போகாத கணக்கை ஏற்றினால் முதல் நாளிலிருந்தே தப்பான நிலுவையைத்தான் காட்டும். நகைக்கடன், உரக்கடன் வைத்திருக்கும் குடியானவர் அதைப் பார்த்தால் சங்கத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

இன்னொரு சின்ன விஷயம், பெரிய தொல்லை. பழைய தரவு பல அலுவலகங்களில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது. மாற்றும்போது 'கொ' என்பதை ஒரே குறியீட்டிலும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று தட்டியதும் அப்படித்தான். தேடினால் பெயர் கிடைக்காது, மேலே அமராவதிக்கரை சொன்ன பெயர்ப் பொருத்தம் அதனாலேயே தோற்கும். மாற்றும்போது எல்லாப் பெயரையும் யூனிகோடு சீர்வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், 'ஒ', 'ள' பிழை அதில் சரியாகாது, தனியாகத் தேடித் திருத்துங்கள். பழனிசாமியா பழனிச்சாமியா என்பதை மனிதர்தான் தீர்க்க வேண்டும்.

தாளவாடிராகி

மலையை விட்டுட்டீங்க. தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏறிப்போகோணும். 30 நொடியில், 3 நிமிடத்தில் செத்துப்போகிற ஓ.டி.பி. அங்கே வேலைக்காகாது. தாளவாடியில் கன்னடம் பேசும் வீடுகள் எச்சு. கேள்வித்தாள் தமிழில் மட்டும் இருந்தால் பதில் சொல்பவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். ஊராளி, சோளகர் குடியிருப்புகளில் சாதிச் சான்றுதான் எல்லாத்துக்கும் சாவி. பெற்றோர் சான்று இல்லாத இடத்தில் இணையப் படிவம் 'பெற்றோர் சான்றை இணைக்கவும்' என்பதிலேயே நின்றுவிடும், கோட்டாட்சியரின் நேரடி விசாரணையை எந்தச் செயலியாலும் குறுக்க முடியாது.

கைரேகையையும் தனியாகக் குறிங்க. வால்பாறையில் தேயிலை பறிப்பவர், பொள்ளாச்சியில் தேங்காய் உரிப்பவர், திருப்பூரில் சாயப்பட்டறையில் நிற்பவர், இவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் விரல் படியாவிட்டால் கருவிழி, ஓ.டி.பி. என்று மாற்று வழி இருக்கோணும், கடைக்காரருக்கு அது தெரிந்திருக்கோணும். கையைக் கழுவி ஈரம் துடைத்து, பத்து விரலில் எது நன்றாகப் படிகிறது என்று பார்த்து அந்த விரலை அட்டையில் எழுதிக் கொடுத்தால் பலருக்குத் தொல்லை குறையும்.

வாய்க்கால்மேடு

தேவையான பதிவுங்க. இன்னும் ரெண்டு விட்டுப்போச்சு. பணம் போய் விண்ணப்பம் போகாத கதை. யு.பி.ஐ.யில் கடைக்குப் பணம் கழிஞ்சு உறுதி வராவிட்டால், 2019ன் ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளில் தானாகத் திரும்போணும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். இது தெரியாமல் உடனே ரெண்டாம் தடவை கட்டிப்போடறாங்க. முதலில் பரிவர்த்தனை நிலையைப் பார்த்துட்டுத்தான் மறுபடி கட்டோணும்.

ரெண்டாவது, வாங்கறவர் பக்கத்து ஏற்பு. க்யூ.ஆர். குறியும் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிற சான்றில் பச்சை மை முத்திரை கேட்கிற பள்ளிக்கூடம், பேங்க் இன்னும் இருக்கு. டிஜிலாக்கரில் (மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகம்) துறையே வழங்கின ஆவணம் மூல ஆவணத்துக்குச் சமம்னு 2016 விதி சொல்லுது. இருந்தும் 'ஒரிஜினல் கொண்டாங்க'. மக்கள்கிட்ட மட்டும் கேட்டால் பாதி ஆய்வுதான். சான்றை வாங்கற மேசையில் இருக்கிற 40 பேரிடமாவது தனியாகக் கேளுங்க: க்யூ.ஆரைச் சோதிக்கத் தெரியுமா, சோதிக்க அலுவலகத்தில் போன் இருக்குதா?

சென்னிமலைச்சாரல்

ரெண்டு சுற்று, வீட்டு மாதிரி, எட்டுக் கேள்வி, மேசைப் பக்கம் 40 பேர், மையம் ஒவ்வொன்றிலும் 42 பதிவு என்று மாற்றி எழுதுகிறோம். மலை ஊர்களைத் தனி அடுக்காக்குகிறோம், கன்னடப் படிவம் தயாராகும். ஜூனில் அதே வீட்டுக்குத் திரும்பப் போக அலைபேசி எண் வாங்கலாமுங்களா?

மலையடிவாரம்

வாங்கலாம், ஆனால் பதில்களோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். வீட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணும் அலைபேசியும் ஒரு தாளில், பூட்டிய அலமாரியில். பதில்கள் அந்த எண்ணோடு மட்டும் கணினியில். ஆதார் எண்ணைக் கேட்கவே வேண்டாம், ஆய்வுக்கு அது தேவையில்லை. மையங்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் குறியுங்கள்: பொதுக் கணினியின் டவுன்லோடு அடைவில் நேற்றைய ஆதார் நகல்கள் கிடக்கின்றனவா, வாட்சாப் வெப் திறந்தபடி இருக்கிறதா? தரவு கிளவுடிலிருந்து கசியுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். முதலில் கசிவது அந்த அடைவிலிருந்துதான்.

தாளவாடிராகி

கன்னடப் படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்து, அதைத் தமிழில் திரும்பச் சொல்லட்டும். 'நடை' என்ற சொல்லைக் கன்னடத்தில் அப்படியே எழுதினால் நடப்பது என்றுதான் ஆகும். 'எத்தனை தடவை போய் வந்தீங்க' என்று முழுசாக எழுதுங்க.